பழம்பொருள் விற்பாரும் பணம் பறிப்பாரும்

(காட்கோபரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவன்று நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. இன்னிசையும் நாடகமும் காத்திருக்கும் இவ்வேளையில், களவையும் வஞ்சத்தையும் பற்றிப் பேச வந்தனரே என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. பந்த் நகரிலும் கரோடியா நகரிலும் அவற்றைச் சூழ்ந்த காலனிகளிலும் பழைய கட்டடங்கள் வீழ்ந்து புதிய மாடங்கள் எழுகின்றன. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஒரே இல்லத்தில் வாழ்ந்த குடும்பங்கள், கட்டட வேலை முடியும்வரை வாடகை வீடு தேடிப் பெயர்கின்றன. சிறிய வாடகை வீட்டில் பழைய பொருள்கள் யாவும் அடங்கா. தேக்கு மர பீரோ, இரும்புக் கட்டில், கல் பதித்த பழைய கிரைண்டர், தையல் இயந்திரம், மகள் சிறுமியாக இருந்தபோது பயின்ற வீணை ஆகியவற்றை விற்றாக வேண்டிய நிலை வருகிறது. அயலூரில் வாழும் மகனோ மகளோ, "செல்பேசியில் விளம்பரம் கொடுங்கள், உடனே விலை போகும்" என்கின்றனர். விளம்பரமும் கொடுக்கப்படுகிறது. அந்த நொடியிலிருந்து என்ன நிகழ்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முன்னாளில் பழம்பொருள் விற்பது எவ்வாறு நடந்தது? பங்கார்வாலா தெருவில் குரல் கொடுத்து வருவார். நம் அன்னையர் அவருடைய தராசு முள்ளையும் பார்ப்பர். அவர் முகத்தையும் பார்ப்பர். பழந்துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்மணி வாயிற்படியில் அமர்ந்து அரைமணி நேரம் வாதாடுவார். பெரிய பொருளாயின் சோர் பஜார் வணிகர் வீட்டிற்கே ஆள் அனுப்புவார். இவற்றிலும் ஏமாற்று இல்லாமல் இல்லை. தராசு சற்றே பொய் சொல்லும். பித்தளையை இரும்பு விலைக்குக் கேட்பார்கள். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். அந்நாளில் விற்பவர் இழக்கக்கூடியது, விற்க வைத்த பொருளின் மதிப்பு மட்டுமே. பாத்திரம் தந்த பெண்மணி நம் பெட்டிச் சாவியைக் கேட்டதில்லை. இழப்பிற்கு ஓர் எல்லை இருந்தது.

நம் ஊர்களில் ஏலம் விடுவதைக் கண்டிருப்பீர்கள். கோயில் தோப்பின் விளைச்சலாயினும், வங்கியில் மூழ்கிய நகையாயினும், "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று பலர் முன்னிலையில் கூறி முடிப்பார்கள். கூட்டமே அங்கே சாட்சி. கேட்டவர் யார், கொடுத்த தொகை யாது என்பதை ஊரே அறியும்.

இந்த ஏலத்தை இணையத்திற்குக் கொண்டு சென்றவர் அமெரிக்காவில் வாழ்ந்த பியர் ஒமிடியார் என்பவர். 1995ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் தொடங்கிய ஏலத்தளமே பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. அதில் முதலில் விற்ற பொருள் பழுதடைந்த லேசர் விளக்கு ஒன்று. விலை 14 டாலர் 83 சென்ட். நம் மும்பையிலும் 2000ஆம் ஆண்டில் பாசி டாட் காம் என்னும் ஏலத்தளம் தோன்றியது. 2004இல் ஈபே நிறுவனம் ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு அதனை வாங்கியது. அத்தளத்தில் பைசாபே என்றோர் ஏற்பாடு இருந்தது. வாங்குபவர் செலுத்திய பணம் நேரே விற்பவரிடம் செல்லாது, நடுவில் தங்கும், பொருள் அனுப்பப்பட்ட பின்னரே விற்பவர் கைக்கு வரும். அதாவது, ஊர் ஏலத்தில் கூட்டம் செய்த சாட்சி வேலையை அங்கே ஓர் இடையாள் செய்தார். அங்கும் வஞ்சகர் புகுந்தனர். பணம் செலுத்தப்பட்டுவிட்டது என்று பொய்க் கடிதம் அனுப்பிப் பொருளைப் பெற்றவரும் உண்டு. பொருள் வந்து சேரவில்லை என்று பொய் முறையீடு செய்தவரும் உண்டு. ஆயினும் அவர்கள் கவர்ந்தது பொருளையே. விற்பவர் பெட்டியில் கைவைக்க அவர்களாலும் இயலவில்லை.

அந்த இந்திய ஏலத்தளம் 2018 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. இடையாள் இல்லாத விளம்பரத் தளங்களே இன்று நம் காலனிகளில் பெருவழக்காயின. ஓஎல்எக்ஸ், க்விக்கர், பேஸ்புக்கின் சந்தைப் பகுதி என்பன அவை. படமும் விலையும் காட்டுவதோடு அவற்றின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். பேரமும் பணமும் முன்பின் அறியாத இருவருக்கு இடையே நடைபெறுபவை. சாட்சியும் இல்லை, இடையாளும் இல்லை.

இதே காலத்தில் பணம் கைமாறும் முறையும் மாறியது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அமைத்த யூபிஐ முறையை, 2016 ஏப்ரல் 11 அன்று, அந்நாளைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் இதே மும்பை நகரில் தொடங்கி வைத்தார். இன்று காய்கறி வண்டியிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த சதுரம் தொங்குகிறது. மிகப் பயனுள்ள ஏற்பாடு. அதனைக் குறைகூற யாம் வரவில்லை. ஆனால் இம்முறையினால் நம் பணப்பெட்டியின் சாவி, நாம் பேசுகின்ற அதே கருவிக்குள் புகுந்துவிட்டது. பொருள் வாங்க வந்தவர் போல் பேசுபவர், அந்தச் சாவியை நம் கையாலேயே திருப்பச் செய்கிறார். இழப்பிற்கு இருந்த எல்லை இங்கேதான் உடைந்தது. ஐயாயிரம் ரூபாய்க் கட்டிலை விற்க முற்பட்டவர் ஐம்பதாயிரத்தை இழப்பது இதனால்தான்.

அந்த வஞ்சகம் நடக்கும் முறையைப் படிப்படியாகக் கூறுவோம். ஓர் இல்லத்தை மனத்தில் கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தம் சோபாவிற்கு ஒன்பதாயிரம் ரூபாய் விலை குறித்து விளம்பரம் இடுகிறார். கால்மணி நேரத்தில் அழைப்பு வருகிறது. இந்தியில் மிக மரியாதையாகப் பேசுகிறார் ஒருவர். தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகவும், மும்பைக்கு மாற்றலாகி வருவதாகவும், முகாமை விட்டு வெளியே வர இயலாதென்றும் சொல்கிறார். சீருடையணிந்த படமும் அடையாள அட்டையின் படமும் வந்து சேர்கின்றன. விலையைக் குறைக்கக் கேட்பதில்லை. பொருளைப் பார்க்கவும் விரும்புவதில்லை. "நாளை வண்டி வரும், பணத்தை இப்போதே தருகிறேன்" என்கிறார். முதலில் சோதனைக்கென்று ஐந்தோ பத்தோ ரூபாய் அனுப்புகிறார். அது உண்மையாகவே கணக்கில் வந்து விழுகிறது. பெரியவர் மகிழ்கிறார். அடுத்து அந்தச் சதுரப் படம் வருகிறது. "இதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், ஒன்பதாயிரமும் வந்துவிடும்" என்கிறார். பெரியவர் போடுகிறார். ஒன்பதாயிரம் போய்விடுகிறது. "ஐயோ, தவறு நேர்ந்துவிட்டது, திருப்பித் தருகிறேன், மீண்டும் ஒருமுறை போடுங்கள்" என்கிறது குரல். இழந்ததை மீட்கும் பதற்றத்தில் இரண்டாம் முறையும், மூன்றாம் முறையும் போடுகிறார். கணக்கு வெறுமையாகிறது. சோபா மட்டும் வீட்டிலேயே கிடக்கிறது.

"படிப்பறிவு இல்லாதவர்க்கு நேர்வது இது" என்று தள்ளிவிடல் வேண்டா. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில், அப்போது தில்லி முதலமைச்சராக இருந்தவரின் குடும்பத்திலேயே இது நிகழ்ந்து நாளேடுகளில் வந்தது. அங்கும் விற்க வைத்த பொருள் பழைய சோபாவே. அங்கும் முதலில் சிறு தொகை வந்தது. பின் சதுரப் படம் வந்தது. முதலில் 20,000 ரூபாய், பிறகு 14,000 ரூபாய், ஆக 34,000 ரூபாய் பறிபோனது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கென வெளியிட்ட எச்சரிக்கை நூலும், படைவீரர் வேடத்தில் வரும் இத்தகைய வாங்குபவரைப் பற்றிக் கூறுகிறது.

இவ்வஞ்சகர் தனியாட்களும் அல்லர். 2023 ஏப்ரல் இறுதியில் ஹரியானா மாநிலத்தின் நூ மாவட்டத்தில், ஏறத்தாழ 5,000 காவலர் ஒரே இரவில் 14 கிராமங்களைச் சூழ்ந்து சோதனையிட்டனர். பிடிபட்டவர்களுடைய செயல்களோடு நாடெங்கும் ஏறத்தாழ 28,000 புகார்களும் 100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட இழப்பும் தொடர்புற்றிருந்தன என்று காவல்துறை பின்னர் அறிவித்தது. ஒருவர் அழைப்பார், ஒருவர் போலிச் சிம் தருவார், ஒருவர் பிறர் பெயரில் வங்கிக் கணக்கு தருவார், ஒருவர் ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பார். ஆலை வேலைபோல் முறைவகுத்து நடக்கும் தொழிலாக இது வளர்ந்துவிட்டது. அதன் எதிரே நம் பெரியவர் தனியே நிற்கிறார்.

நல்லறிவுடையோரும் ஏன் வீழ்கின்றனர்? இதனை எண்ணும்போது நமக்குச் சிலப்பதிகாரமே நினைவிற்கு வருகிறது. கோவலனும் கண்ணகியும் யார்? பிறந்த புகாரை விட்டு மதுரைக்குக் குடிபெயர்ந்து வந்தவர்கள். புது வாழ்வு தொடங்கப் பொருள் வேண்டும். வீட்டிலிருந்த சிலம்பை விற்கக் கோவலன் தெருவிற்கு வந்தான். அவ்வூரில் அவனுக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. எதிரே அரண்மனைப் பொற்கொல்லன் பரிவாரத்தோடு வந்தான். அவன் தோற்றமே கோவலனுக்குச் சான்றாயிற்று. "அரசியின் காலுக்கு ஏற்ற சிலம்பு இது, இதற்கு விலை மதிப்பிட உன்னால் ஆகுமா?" என்று நம்பிக் கேட்டான். பொற்கொல்லனும் பணிவோடு பேசித் தன் குடிலருகே இருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்குச் சென்றான். சென்றது எதற்கென்பதை நாம் அறிவோம். கோவலன் பேராசையால் அழியவில்லை. தன் பொருளை நேர்மையாக விற்க வந்தவன் அவன். புதிய ஊர், பணிவான பேச்சு, மதிப்பிற்குரிய உடை, சாட்சிக்கு ஒருவரும் இல்லாத இடம் ஆகிய நான்கும் சேர்ந்தே அவனை வீழ்த்தின.

அந்த நான்கும் இன்றும் சேர்கின்றன. இராணுவ உடைக்கு நாம் தரும் மதிப்பையே திருடன் போர்த்திக்கொள்கிறான். விற்பவர் மனத்திலும் ஒரு வழக்கம் உண்டு. பொருளை ஏமாந்து கொடுத்துவிடக் கூடாது என்று எச்சரிக்கையாக இருக்கிறார். பணம் வரும் பக்கத்தில் காவல் வைப்பதில்லை. வருகிற பணத்தால் எவ்வாறு தீங்கு வரும் என்று எண்ணுகிறார். மேலும், நம்முள் முதியோர் பலருக்கு இந்தி ஓரளவே தெரியும். எதிரில் பேசுபவர் வேகமாகப் பேசும்போது, புரியவில்லை என்று கூற நாணி, "ஹாங் ஜீ, ஹாங் ஜீ" என்று சொல்லிக்கொண்டே அவர் காட்டிய பொத்தான்களையெல்லாம் அழுத்திவிடுகின்றனர். புரியாத மொழியில் பணப் பேச்சு நடந்தால், "என் பிள்ளை வந்ததும் பேசுகிறேன்" என்று வைத்துவிடுவதில் இழிவொன்றும் இல்லை. உண்மையாக வாங்க விரும்புபவர் மாலைவரை காத்திருப்பார். காத்திருக்க மறுப்பவரோடு நமக்கு வியாபாரம் வேண்டா.

காவலுக்கு ஒரே ஒரு விதியை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. பின் நம்பர் போடுவது பணம் கொடுப்பதற்கு; அல்லது கணக்கிருப்பைப் பார்ப்பதற்கு. சதுரப் படத்தை ஸ்கேன் செய்வதும் கொடுப்பதற்கே. காய்கறிக்காரர் நமக்கு விற்கும்போது ஸ்கேன் செய்பவர் யார்? பணம் கொடுக்கும் நாம். அவர் தம் பின் நம்பரைப் போடுகிறாரா? இல்லை. அவ்வாறே நாம் விற்கும்போது ஸ்கேன் செய்ய வேண்டியவர் வாங்குபவர். இவ்வொரு ஒப்புமையை ஐந்தாம் வகுப்புச் சிறுமியும் பாட்டிக்கு விளக்கலாம்.

ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் யூபிஐ பணக்கோரிக்கைகள் இவ்வஞ்சகத்திற்குப் பெரிதும் பயன்பட்டமையால், 2025 அக்டோபர் 1 முதல் தனியாட்களுக்கிடையிலான அக்கோரிக்கை முறையைப் பணப்பட்டுவாடாக் கழகம் நிறுத்திவிட்டது. நற்செயலே. எனினும் ஒரு கதவு மூடினால் திருடன் மற்றொன்றைத் தேடுவான். ஆகவே வேறு வேடங்களையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம்.

முதலாவது, பணம் வந்ததாகக் காட்டும் பொய்ச் செய்தி. "உங்கள் கணக்கில் 9,000 ரூபாய் வரவு" என்று குறுஞ்செய்தி வரும். அல்லது பணம் செலுத்திய திரையின் படம் வரும். படத்தை எவரும் வரையலாம். நம் வங்கிச் செயலியையோ பாஸ் புத்தகத்தையோ பார்த்து, இருப்பு உயர்ந்தால் மட்டுமே பணம் வந்ததாகக் கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, மிகையாக அனுப்பிய நாடகம். "ஒன்பதாயிரத்திற்குத் தொண்ணூறாயிரம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள், மனைவி மருத்துவமனையில் இருக்கிறாள்" என்று அழுவார். பெரும்பாலும் எதுவும் வந்திருக்காது. உண்மையாகவே வந்திருந்தாலும் நாமே திருப்பியனுப்புதல் ஆகாது. நம் வங்கிக்கு எழுதித் தந்து வங்கி வழியே தீர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, பலரும் அறியாதது. நம்மிடம் பொருள் வாங்குபவர் ஒருவர்; பணம் வருவதோ வேறொருவர் பெயரில். அந்த வேறொருவர் மற்றோர் ஊரில் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம். அவரை ஏமாற்றி நம் கணக்கிற்குப் பணம் போடச் செய்து, பொருளைத் திருடன் எடுத்துச் செல்கிறான். சில நாள் கழித்து அவர் புகார் செய்தவுடன், நம் கணக்கில் அத்தொகையோ சில வேளை கணக்கு முழுவதுமோ முடக்கப்படும். ஓய்வூதியம் வரும் கணக்கானால் மருந்துக்கும் திண்டாட்டம். எனவே எதிரில் நிற்பவர் பெயரும் பணம் வந்த பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். விற்ற நாள், பொருள், விலை, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால், பின்னாளில் வங்கியிலும் காவல் நிலையத்திலும் அத்தாள் பேசும்.

நான்காவது, செயலி இறக்கச் சொல்வது. "இதை இறக்கினால் பணம் தானே வரும்" என்று ஒரு கோப்பு அனுப்புவார். அல்லது நம் திரையை அவர் காணும்படியான செயலியை இறக்கச் சொல்வார். அது வீட்டுக் கதவைத் திறந்து வைத்து உறங்குவதற்கு ஒப்பாகும். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இதுபற்றி வங்கிகளை எச்சரித்தது.

இத்தனையும் மீறிப் பணம் போய்விட்டால் என்ன செய்வது? இன்றைய பேச்சில் இதுவே இன்றியமையாத பகுதி.

உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். இணையப் பணமோசடிக்கென்றே உள்ள நாடு தழுவிய உதவி எண் இது. திருடப்பட்ட பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. சில நிமிடங்களில் இரண்டாம், மூன்றாம் கணக்கிற்கு ஓடி, ஏ.டி.எம். வழியே கையில் ஏறிவிடும். நம் புகார் உடனே வந்தால், அப்பணம் ஓடும் வழியிலுள்ள வங்கிகளுக்குச் செய்தி சென்று, எடுக்கப்படாமல் எஞ்சியுள்ள தொகை நிறுத்தி வைக்கப்படும். அழைக்கும்போது நம் வங்கியின் பெயர், கணக்கு எண், போன தொகை, நேரம், பரிமாற்றத்தின் 12 இலக்க எண், அழைத்தவருடைய தொலைபேசி எண் ஆகியவை கையில் இருத்தல் நலம். பின்னர் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகாரைப் பதியலாம். வங்கிக்கும் அதே நேரத்தில் அறிவித்து, அறிவித்ததற்கு எண் வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். உரையாடலையும் படங்களையும் வெறுப்பினால் அழித்துவிடாதீர்கள், அவையே சான்று.

வங்கிக்கு அறிவிப்பதன் அருமையை ஒரு நெறியால் விளக்கலாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு வாடிக்கையாளருடையது என்றும், தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியுடையது என்றும் வகுத்தது. நாமே பின் நம்பரைப் போட்டு அனுப்பிய பணத்தை வங்கி தானாக ஈடுசெய்யும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆதலின் ஒவ்வொரு நிமிடத்திற்கும் விலை உண்டு. வங்கி 30 நாளில் தக்க விடை தராவிடின், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு, ஏமாற்றிப் பொருள் பறிப்பதற்கு ஏழாண்டு வரை சிறை கூறுகிறது. திருடன் ஹரியானாவில் இருந்தாலும், புகாரைப் பந்த் நகர்க் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். "குற்றம் நடந்த ஊருக்குப் போ" என்று திருப்பியனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

எண் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, காவல் நிலையம் நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் பணம் ஏன் மீள்வதில்லை? முதல் மணி நேரத்தில் பலர் வாய் திறப்பதில்லை. முதியவர், "மகன் என்ன நினைப்பான்? இனி வங்கிக் கணக்கையே தன்னிடம் கேட்பானே" என்று அஞ்சுகிறார். இல்லத்தரசி, கணவரின் ஏச்சிற்கு அஞ்சுகிறார். அக்கம்பக்கத்தார், "இவ்வளவு படித்தும் ஏமாந்தாரே" என்று நகைப்பார்களோ என்ற நாணம் வேறு. இரவெல்லாம் உறங்காமல் கிடந்து, மூன்றாம் நாள் கண்ணீரோடு சொல்லும்போது பணம் கைக்கெட்டாத் தொலைவு சென்றிருக்கும். திருடன் முதல் பாதி வேலையைச் செய்தான். மறுபாதியை நம் நாணம் செய்து முடித்தது.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். தந்தையோ தாயோ இவ்வாறு வந்து நின்றால், முதற்சொல் "ஏன் செய்தீர்கள்?" என்பதாக இருத்தல் வேண்டா. "போனை இப்படிக் கொடுங்கள், 1930ஐ அழைப்போம்" என்பதே முதற்சொல்லாகட்டும். கண்டிப்பதற்கு ஆண்டு முழுவதும் இருக்கிறது. மீட்பதற்கு ஒரு மணி நேரமே இருக்கிறது. வீட்டில் ஏச்சு விழாது என்ற உறுதி பெரியோர்க்கு முன்கூட்டியே கிடைத்திருந்தால், அவர்கள் அந்த ஒரு மணியை வீணாக்கமாட்டார்கள். இந்த உறுதியை விபத்து நேருமுன்பே, இன்று இரவு உணவின்போதே, கொடுத்துவிடுங்கள்.

இளைஞர்களுக்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். "உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறோம்" என்று எவரேனும் அணுகினால் விலகி ஓடுங்கள். திருட்டுப் பணம் ஓடும் வாய்க்கால் அக்கணக்கே. வழக்கு வரும்போது திருடன் கண்ணிற்படான். கணக்கிற்குரிய பிள்ளையே காவல் நிலைய வாயிலில் நிற்பான்.

நம் சங்கம் செய்யத்தக்கது யாது? ஊர் ஏலத்தில் சாட்சியாக நின்ற கூட்டத்தை நாம் மீண்டும் அமைத்துக்கொள்ள இயலும். வீடு பெயரும் குடும்பம் பொருள் விற்க விரும்பினால், முதலில் நம் காலனிக் குடும்பங்களுக்குள் கேட்டுப் பார்க்கலாம். வேண்டுவோர் நம்முள்ளேயே இருப்பர். வெளியாருக்கு விற்பதாயின், வாங்குபவர் பகலில் நேரில் வந்து பொருளைக் கண்டு, கையில் காசாகவோ தம் கணக்கிலிருந்தோ பணம் கொடுத்து எடுத்துச் செல்லட்டும். தனித்து வாழும் முதியோர் வீட்டில் அவ்வேளையில் சங்கத்து இளைஞர் ஒருவர் உடனிருக்கட்டும். ஒவ்வொரு கட்டடத்திலும் இருவர் பெயரைக் குறித்து, ஐயம் எழுந்தால் எந்நேரமும் கதவைத் தட்டலாம் என்று அறிவித்துவிடுவோம். விற்பனைக்குத் தனிக் கணக்கொன்று வைத்து, அதில் சிறு தொகையே இருக்கச் செய்வதும் நல்ல காவல். அப்போது இழப்பிற்கு மீண்டும் ஓர் எல்லை ஏற்படும்.

அன்பர்களே! பொருள் தேடி இந்நகருக்கு வந்தவர் நாம். வந்த நாளில் நம்மை அறிந்தவர் ஒருவரும் இலர். ஒருவருக்கொருவர் சாட்சியாகவும் பிணையாகவும் நின்றே காலூன்றினோம். வாடகை வீடு கேட்டபோது பிணை நின்றவர் அடுத்த வீட்டுத் தமிழர். வேலைக்கு மனு எழுதித் தந்தவரும் அவரே. சங்கம் அவ்வாறு தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத சந்தையில் இன்று நம் பெரியோர் தனித்து நிற்கும்போது, அவர்களுக்கு அருகில் போய் நிற்பதும் அதே பணிதான். பெற விரும்பும் பணத்திற்குப் பின் நம்பர் போடுவதில்லை. இழந்த செய்தியை ஒரு மணி நேரமும் மறைப்பதில்லை. இவ்விரண்டையும் இவ்விழாவின் உறுதிமொழியாகக் கொண்டு இல்லம் செல்வோமாக.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!